வேலு வெள்ளையாக விட்ட இடங்கள்

பெரியவர்கள் வண்ணம் தீட்டுவதற்கென்றே படப் புத்தகம் போடுகிறார்கள் என்பது மமதா சொல்லித்தான் ரத்தினம்மாவுக்குத் தெரியும். மமதா அவளுடைய ஒரே மகள், பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. மன அழுத்தம் குறையட்டும் என்று அங்கே ஆளுக்கொரு புத்தகமும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் கொடுத்தார்களாம். அழுத்தத்தைக் கொடுப்பதும் அவர்களே, அது குறைய பென்சில் கொடுப்பதும் அவர்களே. நல்ல பிழைப்புதான். மமதாவுக்கு அதைத் திறந்து பார்க்க நேரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்கு வந்தவள் அப்பா வேலுவின் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள்.

"இன்னாது இது? எனக்கு எல்.கே.ஜி. சீட்டு வாங்கினு வந்துட்டியா?" என்றார் வேலு.

அந்த ஒரு கிண்டலைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் சுரங்கத்துத் தூசிக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது, அது அவர் நெஞ்சில் இருந்துகொண்டு வேலையைப் பார்த்தது. முதலில் டி.பி. என்றார்கள், அதற்கு மாத்திரை தின்றார். ரொம்ப நாள் கழித்துத்தான் அது டி.பி. இல்லை, கல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததில் ஒரு லாபமும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். அதுவும் ஆஸ்பத்திரியிலிருந்து இரவல்.

மிஷின் வந்த பிறகு வேலு படுத்தேவிட்டார். எழுந்து உட்காருங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். மனுஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ரத்தினம்மா கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அவர் அசைவதாக இல்லை. அவளுக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாகப் போகிறவர் மாதிரி முன்கூட்டியே படுத்துக்கொண்டால் என்ன அர்த்தம் என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் சண்டை போட்டாள்.

ஆனி வந்ததும்தான் வழி பிறந்தது. ஆனி ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், நடமாட முடியாதவர்களை ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்து பார்ப்பாள். கட்டிலில் சும்மா கிடந்த புத்தகத்தைப் புரட்டியவள், "சூப்பரா கீதே அங்கிள், ஏன் அடிக்கல?" என்றாள்.

"அத அடிச்சி இன்னா ஆவப் போவுது?"

"அத மட்டும் அடிச்சா ஒன்னும் ஆவாது. போரடிக்கும். வேற ஏதாவதோட சேத்து அடிக்கணும். சில பேரு பாட்டு கேட்டுனே அடிப்பாங்க. சில பேரு ஃப்ரெண்டோட பேசினே அடிப்பாங்க. நீங்க மூச்சோட சேத்து அடிங்க. மூக்கால மூச்ச இழுக்கறப்ப பென்சில் சும்மா நிக்கட்டும். சூடா கீற டீய ஊதற மாதிரி வாயக் குவிச்சி உடறீங்க பாருங்க, அப்ப கலர் அடிங்க. மூச்சு தீர்ந்ததும் கைய எடுத்துடணும். அவ்ளோதான்."

அந்தப் பெண்ணின் முகத்துக்காகத்தான் வேலு எழுந்து உட்கார்ந்தார். ஒரு இலையின் அடியில் பச்சையை வைத்தார். ஊதினார். அரை இலை நிறைந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மறுபடியும் மூச்சை இழுத்தார். ஆனி ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனது கூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து காலையில் முகம் கழுவியதும் அவருக்குப் புத்தகம் வேண்டும். ரத்தினம்மா ராபர்ட்சன்பேட்டை பட்டுக்கடைக்குச் சேலைக் குச்சு கட்டிக்கொடுக்கிறவள். முந்தானை ஓரத்தில் பட்டு நூலை முடிச்சு முடிச்சாகப் போட்டுக் குஞ்சம் தொங்கவிடும் வேலை. அதுவரை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தவள், முக்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஜன்னலில் ரேடியோ பாடும். அவர் ஊதி ஊதிக் கலர் அடிப்பார், அவள் முடிச்சுப் போடுவாள். கலர் சேர்ப்பதில் அவருக்கு ஒரு கண் இருந்தது என்பது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாது.

"அந்த மாம்பழக் கலர் சேலைக்குப் பச்சையா போடப்போறே? எல்லாரும் அதையேதான் போடுவாங்க. கத்திரிக்கா ஊதா போடு. தோ, இந்த மயில் தோகைக்கு நான் போட்டுக்கீறேன் பாரு."

"ஆமா, சேலையப் பத்தி ரொம்பத் தெரிஞ்ச மாதிரி. எனக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்து எத்தினி வருஷமாச்சி?"

"அதான் எடுக்கறப்பல்லாம் கலர் சரியில்லன்னு கடையில திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டியே."

ஊதாவையே கட்டினாள். கடைக்காரர் வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னார், அவர் அப்படிச் சொல்கிற ரகம் இல்லை. ஊர்க் கதை, பக்கத்து வீட்டு மருமகள் கதை, ரேடியோவில் பாடுகிறவனின் குரல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எல்லாம் அந்தக் கட்டிலோரத்தில் நடந்தது. நெஞ்சுச் சளி வெளியே வந்தது, நாலு வாய் கூடச் சாப்பிட்டார். அந்த நாட்களில் ரத்தினம்மா சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்வதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

ஒரே ஒரு விஷயம்தான் அவளை உறுத்தியது. ஒரு பக்கத்தையும் அவர் முழுசாக முடிப்பதில்லை. எப்போதும் அடியிலிருந்து தொடங்கி மேலே மேலே அடித்துக்கொண்டு போவார். ஆனால் படத்தின் நடுவில் அங்கங்கே கொஞ்சம் வெள்ளையாகவே நிற்கும். மயிலின் கழுத்தில் விரல் நுனி அகலத்துக்கு ஒரு இடம், தாமரையில் ஒரு இதழ். அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

"இத ஏன் உட்டுட்டீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"இருக்கட்டும்," என்றார்.

அவளாகவே ஒன்று நினைத்துக்கொண்டாள். அந்த இடம் வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும், அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குப் பழகியதுதான். ஷிப்ட் முடிந்து மேலே வந்த நாட்களிலும் அவர் குளிப்பார், சாப்பிடுவார், உள்ளே நடந்ததைப் பற்றி மூச்சுவிட மாட்டார். உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் கெட்டது கூடவே வரும் என்று சுரங்கத்து லைன் வீடுகளில் எல்லா ஆம்பிளைகளுக்கும் ஒரு நம்பிக்கை. ஷிப்ட், ஆளை இறக்குகிற கேஜ், ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு லெவல் என்று வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். அங்கே இறங்கி அவர் என்ன செய்தார் என்று கேட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது வெள்ளை இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மூச்சு விட்டுப்போன இடமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. புதுப் பக்கங்களில் அந்த இடங்கள் பெரிசாகிக்கொண்டு போகிற மாதிரியும் இருந்தது. அது நிஜமா, அவள் பயமா, தெரியாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். வேலுவை ஆனி ஒரு பக்கமாக நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது டாக்டர் ரத்தினம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இனிமே மருந்து வேலை செய்யாதும்மா. நுரையீரல்ல நல்ல இடம்னு ரொம்ப மிச்சமில்ல. வீட்லயே வச்சிப் பாத்துக்கோங்க, கஷ்டப்படாம இருந்தா போதும். பொண்ணு கிட்ட சொல்லிடுங்க."

"எவ்ளோ நாளு சார்?"

"பனிக்காலம் தாண்டறது கஷ்டம்."

அவர் நல்ல மனுஷன், அவள் தோளைக்கூடத் தொட்டார். ரத்தினம்மாவுக்கு அந்த நிமிஷம் அழுகை வரவில்லை. இது வேலுவுக்குத் தெரியக்கூடாது என்ற ஒரு நினைப்புதான் வந்தது. தெரிந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அதை அவள் ஒரு தடவை பார்த்துவிட்டாள். இன்னொரு தடவை பார்க்க அவளால் ஆகாது. எத்தனை நாளோ, அத்தனை நாளும் அவர் உட்கார்ந்து ஊதிக்கொண்டு, அவளைக் கிண்டல் செய்துகொண்டு இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னா சொன்னாரு?" என்றார் வேலு.

"நல்லா தேறினு வரீங்களாம். அந்தப் புக்க உடாம முடிக்கச் சொன்னாரு."

"நானும் பாக்கணும் அங்கிள்," என்றாள் ஆனி, எதுவும் தெரியாமல். "அடுத்த வாட்டி எடுத்துனு வாங்க."

வேலு ரத்தினம்மாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு, "சரி, ஆட்டோ கூப்புடு," என்றார்.

மகளிடம் அவள் சொல்லவில்லை. மமதாவுக்கு மனசில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும். அந்தப் பாரத்தைத் தனியாகவே தூக்கினாள். தூக்கிக்கொண்டு திரிந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை வந்தபோது அவளுக்குத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளத் தோன்றியது, அதுதான் வயிற்றெரிச்சல். மத்தியானம் சாப்பிட்டு அவர் கண் அசரும்போது, புத்தகத்தை எடுத்து, அவர் வெள்ளையாக விட்ட இடங்களையெல்லாம் நிரப்பினாள். ஆனி பார்க்கட்டும். அவரும் எப்போதாவது புரட்டினால், அட, எல்லாம் முடித்திருக்கிறேனே என்று ஒரு தெம்பு வரட்டும். பட்டு நூலில் நிறம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், மயில் கழுத்தின் நீலத்துக்குள் கொஞ்சம் பச்சை கலந்திருப்பதைக் கூடப் பிடித்துவிட்டது. அவர் அழுத்துகிற அளவுக்கே அழுத்தினாள். எது அவர் கை, எது அவள் கை என்று யாராலும் சொல்ல முடியாது. நாலைந்து மத்தியானத்தில் பழைய பக்கங்கள் எல்லாம் முழுசாகிவிட்டன. ஒவ்வொரு இடம் நிறையும்போதும் அவருக்கு ஒரு மூச்சு கூட்டிக் கொடுத்த மாதிரி அவளுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மமதா வந்தாள். வந்ததும் வராததுமாகப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"அப்பா! அடிச்ச பேஜெல்லாம் ஃபுல்லா முடிச்சிட்டே! போன வாட்டி அங்கங்க கேப் இருந்துச்சி இல்ல? சக்கத்தா கீதுப்பா. எங்க ஆபீஸ் க்ரூப்புல போடறேன் இரு."

"எங்க, காட்டு," என்றார் வேலு.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தாமரை, மயில், யானை. ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். எங்கே வைக்க வேண்டும் என்று அவர் தேடவே இல்லை. ரத்தினம்மா முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டாள். கோபப்படுவார், என் வேலையில் ஏன் கை வைத்தாய் என்பார், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் புத்தகத்தை மூடி வைத்தார். மகளிடம் வேலை எப்படி இருக்கிறது, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். சாயங்கால ரயிலுக்கு அவள் கிளம்பும்போது தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார்.

அவள் போன பிறகு ரேடியோவை நிறுத்தச் சொன்னார்.

"பில்லர எடுத்துட்டியா ரத்தினம்?"

"இன்னாது?"

"நடுவுல உட்டு வெச்சனே. அதெல்லாம் பில்லரு." மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனி சொன்னபடி வாயைக் குவித்து விட்டுவிட்டுச் சொன்னார். "உள்ள கல்ல வெட்டி எடுத்துனே மேல போவோம். எல்லாத்தையும் எடுத்துடக் கூடாது. நடுவுல அங்கங்க தூண் மாதிரி அப்படியே உடணும். அதுலயும் தங்கம் கீது, கண்ணுக்கு நல்லா தெரியும். கை வெக்க மாட்டோம். மேல கீற கல்லு மொத்தத்தையும் அதான் தாங்குது. இதுல கலர் அடிக்கறப்பவும் கை தானா உட்டுச்சி. ஒரு பில்லர் நின்னுனு இருந்தா நாளைக்கும் வேல கீதுன்னு ஒரு தைரியம்."

"எனக்குத் தெரியாதுங்க. மூச்சு பத்தாம உட்டுட்டீங்கன்னு..."

"உனக்கு எப்படித் தெரியும், நான் சொன்னாத்தானே." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அத எப்ப எடுப்பாங்க தெரியுமா? ஒரு லெவல மூடப் போறப்ப. இனிமே இங்க ஆள் வரப்போறது இல்லன்னு மேல முடிவு பண்ணிடுவாங்க. நம்ம கிட்ட மூடறோம்னு சொல்ல மாட்டாங்க. பில்லர எடுங்கன்னு மட்டும் ஆர்டர் வரும். நாங்களா புரிஞ்சிக்குவோம்."

மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"டாக்டர் உன் கிட்ட சொல்லிட்டாரு இல்ல?"

அவள் இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தானே இத்தனை பாடு. இல்லைங்க, நீங்க நல்லா தேறினு வரீங்க என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன அதே வாயால் இன்னொரு தடவை சொன்னால் போதும். அவள் தெரியாமல் செய்தது வேறு எதற்கோ. அவர் அதைப் படித்தது வேறு விதமாக. கணக்கு தப்பு, விடை மட்டும் சரியாக வந்து நின்றது. அவள் வாய் திறக்கவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

வேலு கலர் பென்சில்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். ஒரு கட்டை பென்சில் கட்டிலுக்கடியில் உருண்டிருந்தது, அதையும் எடுக்கச் சொன்னார்.

"பில்லர் எடுத்தப்பால உள்ள ஒன்னும் உட்டு வெக்கறது இல்ல. ட்ரில்லு, பைப்பு எல்லாத்தையும் மேல அனுப்பிடணும். இத ஆனிப் பொண்ணு கிட்டக் குடுத்துடு, ஆஸ்பத்திரில கொழந்தைங்க வரும். மிஷின மறக்காம திருப்பிக் குடு, ரத்தினம். வேற ஆளு அதுக்குக் காத்துனு இருப்பான்."

"வாய மூடுங்க," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

அவர் அவள் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையணையைச் சரிசெய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் காலை முகம் கழுவிவிட்டாள், புத்தகத்தை விரித்து மடியில் வைத்தாள். அவர் தொடவில்லை. கடைசியில் இன்னும் சில பக்கங்கள் வெறுமையாக இருந்தன, அவற்றைக் காட்டினாள். மயில் மாதிரி ஒன்று இருக்கிறது என்றாள். உட்கார்ந்தாவது இருங்கள் என்றாள். ஆனியைப் போன் போட்டு வரவழைத்தாள். ஆனி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண்ணிடம் அவர் மரியாதையாகச் சிரித்தார், அவ்வளவுதான். இரண்டு நாளில் நெஞ்சில் சளி கட்டத் தொடங்கிவிட்டது. மூச்சு விடும்போது உள்ளே கரகரவென்றது.

மூன்றாம் நாள் ரத்தினம்மா கடைக்குப் போய் ஒரு ரப்பர் வாங்கி வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து மயில் பக்கத்தைத் திறந்து, தான் அடித்த இடத்தை அழிக்க ஆரம்பித்தாள். எந்த இடம் என்று அவளுக்குமே சரியாகத் தெரியவில்லை, அத்தனை பொருத்தமாக நிரப்பியிருந்தாள். கழுத்தில் உத்தேசமாக ஒரு இடத்தைத் தேய்த்தாள். கலர் பென்சில் ரப்பருக்குப் போகாது. நீலம் கரைந்து பக்கத்துப் பச்சையோடு சேர்ந்து அழுக்காகப் பரவியது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"இன்னா பண்றே?" சுவரைப் பார்த்தபடியே கேட்டார் வேலு.

"திரும்ப உடறேன். வெள்ளையா உடறேன். நீங்க எந்திரிச்சி உக்காருங்க."

"எடுத்தது எடுத்ததுதான் ரத்தினம். திரும்ப வெக்க முடியாது." நிறுத்தி, இருமி, மறுபடியும் மூச்சைத் தேடிப் பிடித்தார். "நீ மொதல்ல அங்கருந்து எந்திரி. பில்லர் எடுத்த எடத்துல யாரும் உக்கார மாட்டாங்க. மமதா கிட்டப் போயி இரு."

"எங்க போவேன்?" என்று கேட்டாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. விடாமல் தேய்த்தாள். தாள் நைந்து, சுருண்டு, மயிலின் கழுத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. அதன் வழியாக அடுத்த பக்கத்து யானை தெரிந்தது. அங்கேயும் அவளே அடித்த சாம்பல் நிறம், ஒரு பொட்டு வெள்ளை கூட இல்லாமல் நிறைந்திருந்தது.